‘கொஞ்சம் அங்கால தள்ளுங்க’ என்று சொல்லும் விதம்

கிழக்கிலங்கையில் அக்கரைப்பற்றுக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் 26 வருடம் பஸ் நடத்துனராக வேலை செய்தவன் நான். தோளில் தோல்பை தொங்கிய காலத்தில் என் வாய்ச்சொல்லுக்கு ஒரு வலு இருந்தது. ‘உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க’ என்று ஒரு சத்தம் போட்டால் ஆட்கள் நகர்வார்கள். ஓய்வு பெற்று இப்போது நாலு வருடமாகிறது. மாதத்துக்கு ஒரு முறை மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு அதே பாதையில் பயணியாகப் போய் வருகிறேன். பக்கத்து சீட்டில் ஒரு பொடியன் போனில் பாட்டை அலற விடுகிறான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் என் சொல்லைக் கேட்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. பை இல்லாத மனிதனாக ஒரு அந்நியரிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் அறுபது வயதுக்குப் பிறகுதான் படித்தேன். நடத்துனராகப் பார்த்ததையும் பயணியாகப் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். தினமும் பஸ்ஸில் போகிற, வரிசையில் நிற்கிற ஆட்களுக்கு உதவும்.

முதலில் பட்டவரைப் பாருங்கள்

நான் செய்த ஒரு பிழையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். பழைய கல்லடிப் பாலத்தால் பஸ் போன காலம். 1924ல் திறந்த அந்த இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். எதிர்ப்பக்கம் வந்து முடியும்வரை பாலத்தின் வாயில் காத்து நிற்போம். 2013ல் புதிய பாலம் வந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு தீர்ந்தது. ஒரு காலை நேரம், அப்படி நின்றுவிட்டு பஸ் நகர்ந்த நேரத்தில், முன்பக்கம் ஜன்னலோரம் இருந்த ஒருவர் வெற்றிலையைத் துப்பினார். வாவிக்காற்று அதை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தது. இரண்டு சீட் பின்னால் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில், தோளிலிருந்து கைவரை, சிவப்பு.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளிடம் போய், இங்கே எழுத முடியாத ஒரு சொல்லால் ஏசினேன். அவர் எழும்பிவிட்டார். ‘நானும் காசு குடுத்துத்தான் ஏறினன்’ என்றார். பாலம் முடிந்து பஸ் நிலையம் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். பிள்ளையை நான் திரும்பியே பார்க்கவில்லை. அவள் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, நனைத்துத் தேய்த்திருக்கிறாள். கறை பரவி இளஞ்சிவப்பாகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு ராத்தா (மூத்த முஸ்லிம் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம்), சந்தைப் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, கத்தி இல்லாததால் பல்லால் கடித்துப் பிளந்து, கறையின் மேல் பிழிந்து, தன் முந்தானைத் தலைப்பால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் நின்றபோது கறை பாதிக்கு மேல் போயிருந்தது. ‘போங்க மகள், ஒண்டும் தெரியல்ல’ என்று அனுப்பிவைத்தார். அந்தப் பிள்ளைக்கு அன்று உதவியது ராத்தாதான். நான் என் கோபத்துக்கு உதவினேன்.

அதனால் நீங்கள் ஏதாவது பார்த்தால், முதலில் யாருக்குப் பட்டதோ அவரிடம் போங்கள். ‘என்ன செய்தது? அடிபட்டதா? இந்தப் பக்கம் வாங்க’ என்று கேளுங்கள். செய்தவரிடம் கதைக்க அப்புறம் நேரம் இருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் அப்படிச் செய்வதைப் பார்த்தே செய்தவருக்கு வெட்கம் வந்துவிடும். வெற்றிலைக் கறைக்குத் தேசிக்காய் நல்லது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறை வைத்துக் கூப்பிடுங்கள்

எங்கள் பாதை அறுபது கிலோமீற்றருக்கு மேல். நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். புட்டும் தேங்காய்ப்பூவும் என்று சொல்வது இதைத்தான். இந்தப் பாதையில் ஒரு அந்நியரிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் வாயிலிருந்து வரும் முதல் சொல் முறையாக இருக்க வேண்டும். மூத்த முஸ்லிம் ஆண் என்றால் காக்கா. பெண் என்றால் ராத்தா, இன்னும் மூத்தவர் என்றால் உம்மா. தமிழர் என்றால் அண்ணன், அக்கா, ஐயா, அம்மா. இளையவர்கள் தம்பி, தங்கச்சி. என் வயதில் இருப்பவர்கள் மகன், மகள் என்றே கூப்பிடலாம். ‘ஏய்’, ‘ஹலோ’, விரலைச் சொடுக்குவது, இவை மூன்றும் வேலைக்கு உதவாது. ‘நீ’ என்று மட்டும் தொடங்காதீர்கள். பதினைந்து வயதுப் பொடியனுக்கும் ‘நீங்க’ போட்டுப் பாருங்கள், அவன் நிமிர்ந்து இருப்பான்.

அம்பாறை டவுனுக்குப் போகிற பஸ்ஸில் சிங்களமும் கொஞ்சம் வேண்டும். இளைய ஆளுக்கு மல்லி, மூத்தவருக்கு அய்யே. ‘பொட்டக் எஹாட்ட வென்ன’ என்றால் கொஞ்சம் தள்ளுங்கள் என்று அர்த்தம். உச்சரிப்பு பிழைத்தாலும் பரவாயில்லை, முயற்சிக்கு மரியாதை கிடைக்கும்.

முறை வைத்த பிறகு, பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். ‘இப்படியா பஸ்ஸில நடக்கிறது’ என்று கேட்டால் அதற்கு அவர் பதில்தான் சொல்வார். ‘தங்கச்சி, அந்தப் பையை மடியில வைச்சா நான் இருப்பன்’ என்றால் பையை எடுப்பார். எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த வசனத்திலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் நான் சொல்லப்போவதுதான் இந்த முழுக் கட்டுரையிலும் எனக்கு மிகவும் பயன்பட்டது. கேட்டு முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். களுவாஞ்சிக்குடியில் ஏறிய ஒரு பொடியன் என் பக்கத்தில் இருந்து போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினான். ஒன்று முடிய ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்புச் சத்தம். என் மனைவிக்கு அன்று பிரஷர் கூடியிருந்தது. நான் குனிந்து, ‘மகன், இவங்களுக்குச் சுகமில்ல, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க’ என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். களுதாவளை வெற்றிலைத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. சத்தம் குறையவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து இழுத்தது, பார்க்கவில்லை. தேற்றாத்தீவு வந்தபோது ஓடிய வீடியோ முடிந்தது. அடுத்தது தொடங்கியபோது சத்தம் இல்லை. நான் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு இருந்திருந்தால், கிழவன் சொன்னதற்காகக் குறைத்தான் என்று ஆகிவிடும் என்பதற்காகவே அவன் குறைத்திருக்க மாட்டான். அவனே குறைத்தான் என்று இருக்க அந்த இரண்டு கிலோமீற்றர் அவனுக்குத் தேவைப்பட்டது. இறங்கும்போது ‘சந்தோஷம் மகன்’ என்றேன். அவன் எழும்பி என் மனைவிக்கு வழி விட்டான்.

ஒரு முறை கேட்டுச் சரிவராவிட்டால், இரண்டு தரிப்பிடம் பொறுத்து அதே சொற்களை அதே குரலில் இன்னொரு முறை கேளுங்கள். மூன்றாவது முறை கேட்காதீர்கள். எழும்பி வேறு இடம் பாருங்கள், அல்லது நடத்துனரிடம் சொல்லுங்கள். நடத்துனரிடம் சொல்லும்போது, பஸ் முழுவதும் கேட்க ‘கொண்டக்டர், இதைப் பார்க்க மாட்டீங்களா’ என்று கத்தினால், அவரும் முறைப்பாட்டுக்கு ஆளானவர் ஆகிவிடுவார், உங்களுக்கு உதவ மனம் வராது. அவர் டிக்கட்டுக்கு உங்கள் பக்கம் வரும்போது மெல்லச் சொல்லுங்கள். நான் வேலையில் இருந்தபோது அப்படிச் சொன்ன எவரையும் கைவிட்டதில்லை.

இரண்டாவது குரல்

26 வருடத்தில் நான் பார்த்த ஒன்று: பஸ்ஸில் ஒருவர் தனியாக ஒரு நியாயத்தைக் கேட்டால் பாதிக்குப் பாதிதான் அது எடுபடும். இரண்டாவதாக ஒருவர், ‘ஓம், அவங்க கேக்கிறது சரிதானே’ என்று இருந்த இடத்திலேயே சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். எழும்ப வேண்டாம், சண்டைக்குப் போக வேண்டாம், அந்த ஒரு வசனம் போதும். உங்களுக்கு முதலில் கேட்கத் துணிவு இல்லாவிட்டால் இரண்டாவது ஆளாக இருங்கள். அதற்கு யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் போனைக் குனிந்து பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் வலிக்கிறது, பாட்டுச் சத்தம் அல்ல.

சொல்லவே கூடாத ஒரு சொல்லும் இருக்கிறது. ஒரு பின்னேரம் காத்தான்குடியில் ஒரு சீட்டுக்காக இரண்டு ஆண்கள் வாய்த்தர்க்கப்பட்டார்கள். ஒருவர் லேஞ்சியைப் போட்டு சீட் பிடித்திருந்தார், மற்றவர் அதை எடுத்துவிட்டு இருந்துவிட்டார். தினமும் நடக்கிற காரியம், இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதற்குள் ஒருவர் ‘உங்கட ஆக்களே இப்படித்தான்’ என்றார். பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் அடங்கிவிட்டார்கள். குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரின் சண்டையாக இருந்தது ஒரு நொடியில் அறுபது பேருடையதாக மாறியதை என் தோலில் உணர்ந்தேன். நான் டிரைவரிடம் பஸ்ஸை ஓரமாக நிறுத்தச் சொல்லி, என் சீட்டைக் காட்டி, ‘காக்கா, நீங்க இதில இருங்க, நான் எப்பவும் நிக்கிற ஆள்’ என்றேன். இருந்தார். ஆரையம்பதி தாண்டும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. இந்த மண்ணில் அந்தச் சொல் எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கிறது என்று அந்த பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். துப்பியவர் துப்பியவர்தான், சீட் பிடித்தவர் சீட் பிடித்தவர்தான். அவரோடு அவர் ஊரையும் மதத்தையும் சேர்த்து ஏசாதீர்கள். யாராவது அந்தச் சொல்லை எடுத்தால், அவர் உங்கள் பக்கத்து ஆளாக இருந்தால், நீங்கள்தான் முதலில் அவரை நிறுத்த வேண்டும்.

போனில் படம் பிடித்துப் போடுவதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். வேண்டாம். கல்லாற்றில் ஒருவரின் முகத்தைப் போட்டால் களுவாஞ்சிக்குடியில் அவர் மகளின் வகுப்பில் அது சுற்றும். துப்பியதற்கு அது அளவுக்கு மீறிய தண்டனை. அடுத்து வருகிற விசயம் மட்டும் இதற்கு விலக்கு.

கை வைப்பவனுக்கு முறை கிடையாது

நெரிசல் பஸ்ஸில் பெண்பிள்ளைகளை உரசுகிறவன், கை வைக்கிறவன் கவனமில்லாமல் செய்கிறவன் அல்ல. மேலே சொன்ன மெல்லிய குரல், முறை, முகம் திருப்புவது ஒன்றும் அவனுக்குப் பொருந்தாது. அண்ணா என்று கூப்பிட்டால் அந்தச் சொல்லுக்குள் அவன் ஒளிந்துகொள்வான். முறை வைக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி, என்ன நடந்தது என்பதையே சொல்லுங்கள்: ‘நீலச் சேட்டுக்காரர், என் மேல வைச்ச கையை எடுங்க.’ உடுப்பின் நிறத்தைச் சொல்வது முக்கியம். பஸ் முழுவதும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்க்கும்.

வாய் வராத பிள்ளைகள்தான் அதிகம். என் பஸ்ஸில் அப்படிப் பலரைப் பார்த்தேன். முகம் வெளுத்து, பையை நெஞ்சோடு அணைத்து, இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவார்கள். அவர்களைக் கண்டால் பெண்கள் யாராவது ‘மகள், இஞ்ச வாங்க, எனக்குப் பக்கத்தில நில்லுங்க’ என்று கூப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நில்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் நின்றாலே போதும். பின்பு அந்தப் பிள்ளையைத் தனியாக இறங்க விடாதீர்கள்.

இது சட்டப்படி குற்றம். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995ல் திருத்தியபடி, பாலியல் தொந்தரவுக்கு 5 வருடம் வரை சிறை வைக்க இடம் தருகிறது. பஸ்ஸும் அதற்குள் அடங்கும். பஸ்ஸைப் பொலிஸ் நிலையத்துக்கு விடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. கல்முனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி என்று இந்தப் பாதையில் பொலிஸ் நிலையம் இல்லாத நீண்ட தூரம் கிடையாது. நான் இரண்டு முறை அப்படி விட்டிருக்கிறேன். பஸ் பிந்தியது. பயணிகளில் சிலர் முணுமுணுத்தார்கள். இன்னும் விட்டிருக்க வேண்டிய நாட்களும் உண்டு, அவற்றை நினைத்தால் நித்திரை வருவதில்லை.

வரிசையில்

ஆஸ்பத்திரி கிளினிக்கில் காலை ஆறு மணிக்குப் போனால்தான் நல்ல நம்பர் கிடைக்கும். எட்டு மணிக்கு ஒருவர் வந்து ‘ஒரு கேள்வி மட்டும் கேக்கணும்’ என்று நேரே கதவுக்குப் போவார். அந்தக் கேள்வி பத்து நிமிடம் நீளும். இங்கே நான் செய்வது, அவர் கதவை அடைவதற்கு முன்பே சொல்வது. கதவைத் தொட்டுவிட்டவர் திரும்பி வரமாட்டார், அது அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். ‘தம்பி, கடைசி ஆள் அந்தப் பச்சைச் சாறி கட்டின அம்மா. அவங்களுக்குப் பின்னால இருங்க’ என்று இடத்தைக் காட்டினால், முக்கால்வாசிப் பேர் ‘ஓ, லைன் இருக்கா’ என்று போய்விடுவார்கள். உண்மையில் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். கிளினிக்கில் வரிசை நேராக நிற்பதில்லை, சுவரோரம், வாங்கில், மரநிழலில் என்று சிதறி இருக்கும்.

அவர் காரணம் சொன்னால் கேளுங்கள். காய்ச்சல் பிள்ளை, மூச்சு இழுக்கிறவர், வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவர் என்றால் நீங்களே எழும்பி ‘இவங்களை முதல்ல விடுவம்’ என்று மற்றவர்களிடம் கேளுங்கள். மற்றவர்களைக் கேட்காமல் நீங்களாகவே இடத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் ஒருவரை முன்னுக்கு விட்டால் உங்களுக்குப் பின்னால் உள்ள எல்லோருக்கும் ஒரு இடம் போகிறது. அதனால் அவர்களையும் கேட்க வேண்டும். கேட்டால் இந்த ஊரில் மறுப்பவரை நான் இன்னும் காணவில்லை.

மிச்சக் காசு

என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிச்சத்தை மறந்துவிடுகிற நடத்துனர்களும் இருக்கிறார்கள், மறக்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய தாள் கொடுத்தால், டிக்கட்டின் பின்னால் மிச்சத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதுவது வழக்கம்தான். இறங்குகிற படியில் நின்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் கண் அடுத்து ஏறுகிற ஆளில் இருக்கும். இரண்டு தரிப்பிடம் முன்னால் கேளுங்கள். தாள்களை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் பிரித்து வைத்திருப்பார் பாருங்கள், அப்போதுதான் சில்லறை அவர் கையில் இருக்கிறது.

சரி, மற்றவை சுருக்கமாக. மூடிய பொது இடங்களில் சிகரெட் பிடிப்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. தேத்தண்ணிக் கடைக்குள் யாராவது பற்றவைத்தால் அவரிடம் போகாமல் முதலாளியிடம் சொல்லுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதை உயர் நீதிமன்றம் 2007லேயே கட்டுப்படுத்திவிட்டது. பரீட்சைக் காலத்தில் பக்கத்து வளவுக் கொண்டாட்டம் நீண்டால், வீட்டுக்காரரிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், பிள்ளையைப் பார்த்தால் நிறுத்துவார்கள். கல்லடிக் கடற்கரையில் சோறு சுற்றிய லஞ்ச் ஷீட்டை விட்டுவிட்டு எழும்புகிறவர்களுக்காக நான் ஒரு வெறும் பையைக் கொண்டுபோகிறேன். ‘எங்கட குப்பையை இதில போட்டம், உங்கடதையும் போடுங்க’ என்று நீட்டினால் வாங்கிப் போடுகிறார்கள்.

என் மனைவியின் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் சில இலக்கங்களை எழுதி வைத்திருக்கிறேன். அவசரத்துக்குப் பொலிஸ் 119. பெண்களுக்கான உதவிக்கு 1938. சிறுபிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929. யாராவது மயங்கி விழுந்தால் அம்புலன்ஸுக்கு 1990. கொழும்பு பஸ் மாதிரி மாகாணம் விட்டு மாகாணம் போகிற பஸ் பற்றிய முறைப்பாட்டுக்கு 1955. மட்டக்களப்பு, அம்பாறைக்குள் ஓடுகிற பிரைவேட் பஸ் என்றால் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கும், அரச பஸ் என்றால் அதன் டிப்போவுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே கொடுத்தாலும் பஸ்ஸின் இலக்கம், திகதி, நேரம், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் நடந்தது என்று நான்கும் வேண்டும். டிக்கட்டையும் சேர்த்துக் குத்திக் கொடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை டிக்கட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.